தலை நிமிரும் தூரம்

பண்ணைப் பாலம் தாண்டி
மண்டைதீவுச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால்
காரை ஓரங்கட்டினேன்.
மாசிக் காலை. கடல் முழங்காலளவுதான்.
கரையெல்லாம் காய்ந்த சாதாழை மணம்.
அதற்கு அப்பால்
யாரோ ரோசாப் பவுடரைக் கொட்டிவிட்டுத்
துடைக்க மறந்துபோன மாதிரி ஒரு கோடு.

"பூநாரையோ?" என்றான் நிமலரூபன்.
ஸ்காபரோவிலிருந்து இருபத்தாறு வருடம் கழித்து வந்தவன்.
"ஒருக்கா எழுப்பி விடன், பறக்கேக்க எடுப்பம்."

எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு படம் தொங்குகிறது.
நானூறு பறவைகள். விரிந்த சிறகுகளின் சிவப்பும் கறுப்பும்.
மூலையில் கொஞ்சம் கோட்டை மதில்.
வருகிறவர்கள் கேட்பார்கள்:
எத்தனை மணித்தியாலம் காத்திருந்தனீர்?
கன நேரம், என்பேன்.
உண்மையில் இரண்டு தரம் கை தட்டினேன்.
மூன்றாம் தரம்
கல்.

கல் ஒன்றிலும் படவில்லை.
அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்வது.
எழும்பியவை ஒரு வட்டமடித்து,
இறங்கப் பார்த்து, இறங்காமல் போனது
படத்தில் இல்லை.
அன்று பொழுதுபடும்வரை
அந்தத் தண்ணீர் சும்மா கிடந்ததும் இல்லை.

செருப்பைக் கழற்றி உமரிக்குள்ளால் நடந்தோம்.
ஆள்காட்டி ஒன்று கத்தத் தொடங்கிற்று.
பெயருக்கேற்ற வேலை.
காட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் நாங்கள்தான்.

முதலில் ஒரு தலை நிமிர்ந்தது.
பக்கத்தில் இன்னொன்று.
பிறகு பதினைந்து,
சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் படலை திறந்த சத்தம் கேட்டவர்கள்போல.
நான் நின்றுவிட்டேன்.
அங்கே பலகை எதுவும் நட்டிருக்கவில்லை.

அவன் பையைத் திறந்தான்.
நாலு காலையும் மடித்துக்கொண்ட ஒரு பூச்சி.
உள்ளங்கையில் வைத்து விரித்தான், விட்டான்,
அது மேலே போனது,
அந்த ரீங்காரம் கேட்டதும்
என் தோள்கள் தாமாகக் குனிந்தன.

அவன் இல்லாத வருடங்களில்
இந்தச் சத்தத்துக்கு எங்களிடம் ஒரு பெயர் இருந்தது.
வண்டு.
வண்டு சுற்றினால் அடுப்பை அணைப்போம்.
கொடியில் கிடக்கும் வெள்ளைத் துணியை இழுத்தெடுப்போம்.
அது ஒன்றும் செய்யாது, பார்க்கும், அவ்வளவுதான்.
பார்த்த பிறகு வருவதற்கு வேறு பெயர்.

"இறக்கு."
"தொடவே மாட்டன் மச்சான். முப்பது மீட்டர் மேல."
"இறக்கடா!"
என் கத்தலுக்கே இன்னும் நாற்பது தலை நிமிர்ந்தது.

இறக்கினான். முகம் சிவந்துபோயிற்று.
கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.
ஈரம் காற்சட்டையில் ஊறக் குந்தியிருந்தோம்.

அப்போதுதான் மரியநேசன் வந்தார்,
தோளில் பறி, வாயில் அணைந்த பீடி,
சிறகுவலை பார்க்கப் போகிறவர்.
பறவைகளுக்கு நடுவாலேயே போனார்.
அவை பறக்கவில்லை.
சந்தைக்குள் சுமைக்காரனுக்கு வழிவிடுவதுபோல விலகி
அவருக்குப் பின்னால் மறுபடி மூடிக்கொண்டன.
அவர் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை.
நேற்றும் இந்த நேரம், இந்தத் தடம்தான்.
முந்தநாளும்.
எங்களுக்கு நாளை மதியம் கொழும்பு பஸ்.

ஒவ்வொன்றாகத் தலைகள் தாழ்ந்தன.
அலகைத் தலைகீழாக்கிச் சேற்றை அரித்தெடுக்கும் சத்தம்
இவ்வளவு தூரத்துக்கும் கேட்டது,
மழைத் தண்ணீர் பீலியால் இறங்குவதுபோல.
ஆள்காட்டியும் அடங்கிற்று.
நிமலரூபன் போனால் ஒரே ஒரு படம் எடுத்தான்.
பெருப்பித்துப் பார்த்தான்.
"ஒண்டும் விளங்கேல்லையே, ஒரு கோடுதான்."
"ஓம்."
அழிக்காமல் போனைப் பைக்குள் வைத்தான்.

இரவு, முன்னறையில்
சாப்பிட்ட கை காயக் காய
என் படத்துக்கு முன்னால் நின்றான்.
எத்தனை மணித்தியாலம் என்று கேட்கவில்லை.
"எழுப்பினதோ?"
"ஓம். கல்லால."

மின்விசிறி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும்.
"பிறகு எங்க போனது?"

இவ்வளவு வருடத்தில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.
அல்லைப்பிட்டிப் பக்கம், என்றேன்.
அங்கேயும் நாய்கள் நின்றன.